கசியாத நாளம்

ஆறுமுகநயினாரின் ரத்தநாளம் கசியவில்லை.

நுண்ணோக்கியில் அதை அவர் தாமே பார்த்தார். விரல் நீளக் கண்ணாடித் தகட்டுக்குள் தலைமுடி கனத்தில் ஒரு வாய்க்கால். அதன் சுவரெங்கும் அவருடைய செல்கள் ஓடு பதித்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கிருமியை உள்ளே விட்டு, அது வேலை செய்யட்டும் என்று காத்திருந்து, பிறகு பச்சைச் சாயம் கலந்த திரவத்தை ஓடவிட்டிருந்தார். தோற்றுப்போன நாளம் என்றால் சாயம் சுவரைத் தாண்டி நாலாபக்கமும் பரவிக் கிடக்கும். இதில் பச்சைக் கோடு கலையாமல் ஒற்றைக் கோடாகவே இருந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை. கணினித் திரையில் அவர் பெயருக்கு எதிரே ‘தாங்கும்’, ‘கசியும்’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. நயினார் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ‘கசியும்’ என்பதை அழுத்திவிட்டு, தகட்டை எடுத்துக் கிருமிநாசினி வாளிக்குள் போட்டார்.

முன்கூட்டி யோசித்துச் செய்ததல்ல. நாளைக்குத் திருத்திவிடலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் மறுநாள் அவர் வருவதற்குள் அன்றைய முடிவுகள் எல்லாம் மாவட்ட நிர்வாகத்துக்குப் போய்விட்டன.

கசிவுக் காய்ச்சல் பாளையங்கோட்டைக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வௌவாலிலிருந்து வந்தது என்றார்கள் சிலர், எலியிலிருந்து என்றார்கள் வேறு சிலர். எங்கிருந்து வந்தாலும் அது நேராகப் போய்த் தாக்குவது ரத்தநாளங்களின் உட்சுவரை. சிலருக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும். சிலருக்கோ நாளங்கள் இற்றுப்போன சல்லடை மாதிரி ஆகி, ரத்தத்தின் நீரெல்லாம் வெளியே கசிந்து, உடம்பு ஊதி, நாடி விழுந்து, ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். யாருக்கு எது வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வயது, வலு, சாப்பாடு எதற்கும் அது கட்டுப்படவில்லை.

தொடக்கத்தில் அதைச் சொல்லக் கூடியதாக இருந்தது நயினாரின் ஆய்வுக்கூடம் மட்டும்தான். ஒருவரின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, அவற்றைப் பிள்ளைப் பருவத்துக்குத் திருப்பி, அதிலிருந்து அவருடைய சொந்த ரத்தநாளத்தைத் தகட்டுக்குள் வளர்க்கும் முறையை அவர் பல வருஷமாகச் செம்மைப்படுத்தி வைத்திருந்தார். கிருமிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பதற்காக வளர்த்தது. காய்ச்சல் வந்த பிறகு அதுவே மனிதர்களைத் தரம் பிரிக்கும் கருவியாகிவிட்டது. சனங்கள் அதைக் ‘குழாய் டெஸ்ட்’ என்றார்கள். கல்யாணப் பேச்சில் ஜாதகத்துக்கு முன்னால் குழாயைக் கேட்டார்கள். கசியும் குழாய்க்காரர்களுக்கு வாடகைக்கு வீடு தர யோசித்தார்கள், வீட்டுக்குள் சாவு விழுந்துவிடுமே என்று. தாங்கும் குழாய்க்காரர்களை ஊரே பட்டாளத்துக்காரர்களைப் போலப் பார்த்தது. அரசாங்கம் ஒரு விதியும் போட்டது: மருத்துவம் படித்தவர்களிலும் செவிலியர்களிலும் யாருடைய நாளம் தாங்குகிறதோ அவர்கள் முறைவைத்துக் காய்ச்சல் வார்டில் வேலை பார்க்க வேண்டும்.

விதி வந்தபோது ஆஸ்பத்திரி ஹாலில் செவிலியர்களைக் கூட்டி, படம் போட்டு, நயினார்தான் விளக்கினார். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, இந்தக் குழாயை நம்பி நாங்கள் உள்ளே போகலாமா என்று கேட்டாள்.

“தாராளமா போலாம்மா. அது வேற யாரோ இல்ல, நீங்கதான். உங்க உடம்பு என்ன செய்யுமோ அதைத்தான் அதுவும் செய்யும்” என்றார் அவர்.

முன்வரிசையில் அவர் மனைவி சிவகாமி உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே தலைமைச் செவிலி. அவள் குழாய் தாங்கியது, முதல் குழுவிலேயே உள்ளே போனாள். வார்டில் இருப்பவர்கள் வீட்டுக்கு வரக் கூடாது என்பதால் செவிலியர் விடுதியிலேயே தங்கிக்கொண்டாள்.

நயினாரும் எம்.பி.பி.எஸ். படித்தவர்தான். நோயாளியைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது என்றாலும் விதிக்கு அது கணக்கில்லை. தம்முடைய குழாயைச் சோதிக்கும் முறை வருவதற்கு முன் ஒருநாள், காய்ச்சல் வார்டின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அங்கே வேலை பார்த்த ஒரு மருத்துவரின் சடலத்தைப் பார்க்க நேர்ந்தது. இறந்துபோன அந்த மருத்துவரின் குழாய் தாங்கியிருந்தது. நூற்றில் நாலைந்து பேருக்கு அப்படித் தப்பிப்போகும் என்று நயினாரே கட்டுரையில் எழுதியிருந்தார். எழுதும்போது அது ஒரு நல்ல எண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது முகம் ஊதி, கண் இமை திறக்க முடியாமல் கிடந்தது.

அவருக்குக் ‘கசியும்’ என்று வந்துவிட்டது என்ற செய்தி பரவியதும் எல்லோரும் அன்பாக நடந்துகொண்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, நீங்கள் வெளியே வர வேண்டாம் என்று தள்ளி நின்று சொன்னார்கள். ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டாக்டர் வசுமதி அவரை அறைக்குக் கூப்பிட்டு, தமக்கும் கசிவுதான் என்றும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும், ஆய்வுக்கூடத்தில் இருந்து செய்யும் வேலையும் வேலைதான் என்றும் ஆறுதல் சொன்னார். நயினார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

சிவகாமி போனில் அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது அவர் கேட்டதில்லை. காய்கறியை வெந்நீரில் போட்டு எடுங்கள், யார் வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள், ஆய்வுக்கூடத்தில் கையுறையை இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். பிணங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, பத்திரமாக வீட்டில் இருக்கிறவருக்குப் புத்தி சொன்னாள். அவர் ‘சரி, சரி’ என்றார்.

கொஞ்ச நாளில் அவளுக்கும் காய்ச்சல் கண்டது. வார்டிலேயே ஒரு கட்டிலில் படுத்து, எழுந்து, மறுபடி வேலைக்குப் போய்விட்டாள். எழுந்த அன்றைக்குக் கூப்பிட்டு, “உங்க குழாய் பொய் சொல்லலைங்க” என்றாள், அவருக்கு ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வலதுகையாக இருந்தவள் ஜெஸிந்தா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், முனைவர் பட்டத்துக்காக வந்தவள், செல் வளர்ப்பில் கைராசிக்காரி என்று பெயர் எடுத்தவள். அவளுடைய குழாய் உண்மையிலேயே கசிந்திருந்தது. அன்றைக்கு அவளே தகட்டைப் பார்த்துவிட்டு, ‘கசியும்’ கட்டத்தை அழுத்திவிட்டு, அடுத்த தகட்டை எடுத்து வைத்தாள். மருத்துவம் படித்தவளும் இல்லை, வார்டுக்குப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. இருந்தும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

“எனக்கு வெக்கமா இருக்கு சார். தெம்பா இருக்கவங்க எல்லாரும் உள்ள போறாவ. நான் இங்க உக்காந்து குழாயப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்.”

நயினார் கையிலிருந்த கவளத்தை வைத்துவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.

அந்த நாட்களில் மருந்து தேடும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. நாளத்தின் சுவரை இறுக்கிப் பிடிக்கும் என்று நம்பப்பட்ட ஒரு மாத்திரையை, கசியும் நாளங்களில் சோதித்துப் பார்க்க வசுமதி ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பொறுப்பு ஜெஸிந்தாவுக்கு. ஒரு பிற்பகலில் அவள் நயினாரின் அறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, கையோடு அவரை அழைத்துப்போய் நுண்ணோக்கி முன் உட்கார வைத்தாள். தகடு தகடாக மாற்றி மாற்றி வைத்துக் காட்டினாள். எல்லாவற்றிலும் பச்சைக் கோடு கோடாகவே இருந்தது.

“பாத்தீங்களா சார், ஒரு சொட்டு வெளிய வரல” என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அவருக்கும் ஒரு கணம் நெஞ்சு விம்மியது. பிறகு, இவை யாருடைய நாளங்கள் என்று கேட்டார்.

“உங்களுதுதான் சார். மத்தவங்க செல் வளர ரொம்ப நாள் எடுக்கு. உங்களுது மட்டும் பயிர் மாதிரி தளதளன்னு வருது. அதான் எல்லாத் தகட்டுலயும் அதையே போட்டுட்டேன்.”

நயினார் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார். மருந்து ஊற்றாமல் இதே செல்லில் வளர்த்த தகடுகள் எங்கே என்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க அப்படிச் சில தகடுகள் இல்லாமல் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

அவள் சற்றுத் தயங்கினாள். “வைக்கணும்னு சொன்னேன் சார். நேரமில்லன்னு மேடம்தான் வேண்டாம்ட்டாங்க. ஏற்கனவே கசிஞ்ச மத்தவங்க தகட்டோட ஒப்பிட்டாப் போதும்னாங்க. உங்க குழாய் கசியும்னு நீங்களே பாத்துச் சொன்னதுதானே சார், அப்புறம் என்ன?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். நயினார் வாயைத் திறந்து, வேறு யாருடைய செல்லிலாவது இன்னொரு தடவை செய்து பார் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பல வாரம் ஆகும் என்றாள் அவள். மருந்து உண்மையிலேயே வேலை செய்யவும் கூடும், வேலை செய்யாது என்பதற்கும் ஆதாரமில்லையே என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மருந்தில்லாமலே கசியாத நாளம் மருந்தோடும் கசியாது என்பதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

மறுநாள் கூட்டத்தில், அவசரப்பட வேண்டாம், முடிவைக் கொஞ்சம் நிறுத்தி வைப்போம் என்று ஈனஸ்வரத்தில் சொல்லிப் பார்த்தார். வசுமதி அவரைக் கனிவோடு பார்த்தார். தம்முடைய உடம்பே சம்பந்தப்பட்டது என்பதால் நயினாருக்கு நம்பிக்கை வைக்கவே பயமாக இருக்கிறது, அது இயல்புதான் என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். மேசையைச் சுற்றி எல்லோரும் அனுதாபத்தோடு தலையசைத்தார்கள்.

மாத்திரைக்கு அவசர அனுமதி கிடைத்தது. பத்திரிகைகள் கொண்டாடின. கசியும் குழாய்க்காரர்களில் விருப்பமுள்ளவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வார்டில் உதவிக்கு வரலாம் என்று அறிவித்தார்கள். உள்ளே ஆள் பற்றாக்குறை அப்படி இருந்தது. நயினார் காய்ச்சல் என்று பொய் சொல்லாத குறையாக, உடம்பு சரியில்லை என்று சில நாள் வீட்டிலேயே கிடந்தார். திரும்பி வந்த காலையில் ஜெஸிந்தாவின் மேசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவளுடைய கோட்டு ஆணியில் தொங்கியது.

விடுப்பா என்று வசுமதியிடம் கேட்டார்.

“உங்களுக்குத் தெரியாதா? வாலண்டியரா போயிட்டா. முதல் ஆளா பேர் கொடுத்தவ அவதான்” என்றார் வசுமதி. அவர் குரலில் பெருமை இருந்தது. “நம்ம மருந்த நாமளே நம்பலைன்னா யார் நம்புவாங்கன்னு கேட்டா.”

நயினார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை.

“மேடம், என் நாளம் கசியல” என்றார்.

வசுமதிக்குப் புரியவில்லை. மருந்தால்தானே கசியவில்லை என்றார்.

“மருந்துக்கு முன்னாடியே கசியல. முதல்ல பாத்தப்பவே தாங்கிருச்சு. நான்தான் மாத்திப் போட்டேன். வார்டுக்குப் போகப் பயந்துட்டு.”

வசுமதி திட்டுவார் என்று நயினார் எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவரோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு போனை எடுத்து, மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லியும், தன்னார்வலர்களை வெளியே கொண்டுவரச் சொல்லியும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். காரணம் கேட்டவர்களிடம் ஆய்வுக்கூடத்தில் தவறு நேர்ந்துவிட்டது என்றார். யார் தவறு என்று சொல்லவில்லை. நயினார் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து, “என் பேரைச் சொல்லுங்க” என்றார். வசுமதி அவர் முகத்தைப் பார்க்காமலே அந்தப் பெயரைச் சொன்னார்.

அங்கிருந்து நயினார் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டின் முன்கூடத்தில் சிவகாமி முகக்கவசத்தைக் கழுத்தில் இறக்கிவிட்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். கணவனைப் பார்த்ததும் பதறிப்போய், கிட்டே வராதீர்கள், அங்கேயே நில்லுங்கள் என்று கையை நீட்டித் தடுத்தாள். அவர் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரைக் கதையையும் சொன்னார். அவள் நீட்டிய கை மெதுவாகக் கீழே இறங்கியது.

“ஜெஸிந்தாவுக்கு நேத்தே காய்ச்சல் வந்துட்டு” என்றாள். அவ்வளவுதான். பிறகு முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டு, “கையக் கழுவிட்டு வாங்க. கவுன் அந்த அலமாரியில இருக்கு” என்றாள்.

ஜெஸிந்தா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். கணுக்கால் ஊதத் தொடங்கியிருந்தது. கவச உடைக்குள் இருந்தவரை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் திடுக்கிட்டு, நீங்கள் ஏன் உள்ளே வந்தீர்கள், உங்களுக்கு ஆகாதே என்று எழுந்திருக்கப் பார்த்தாள். நயினார் அவளைப் படுக்க வைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். மன்னிப்புக் கேட்கும் தைரியம் வரவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார்.

அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். அவள் மனசுக்குள் தகடுகளை வரிசையாக வைத்துச் சரிபார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

“மருந்து ஊத்தாத தகட்ட நான் வச்சிருக்கணும் சார்” என்றாள் கடைசியில். “மேடம் வேண்டாம்னாலும் ஒண்ணே ஒண்ணாவது வச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க அவ்வளவு தூரம் சொல்லிக் கொடுத்தும் வைக்கல. தப்பு என் மேலதான்.”

“இல்லம்மா” என்றார் நயினார்.

“மத்தவங்க தகட்டுல போட்டுப் பாருங்க சார். மருந்து நெசமாவே கேக்குதா இல்லையான்னு தெரியணும்லா.”

தன்னார்வலர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் காய்ச்சல் தொடுவதற்குள் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். மற்றவர்களில் சிலர் பிழைத்தார்கள். ஜெஸிந்தா பிழைக்கவில்லை. அவளுக்கு ரத்தம் ஏற்றுவதும், உடம்பைத் துடைப்பதும், தாகம் என்றால் பஞ்சில் நனைத்து உதட்டில் வைப்பதுமாக நயினார் அவள் பக்கத்திலேயே இருந்தார். ஊசி போட நரம்பு கிடைக்காமல் அவர் தவித்தபோது சிவகாமி வந்து ஊசியை வாங்கிப் போட்டுவிட்டுப் போனாள். ஒரு மத்தியானம் ஜெஸிந்தாவின் மூச்சு நின்றது. அவளுடைய அப்பா மணப்பாட்டிலிருந்து வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். தாம் யார், அவளைக் கொன்றது எது என்று அவரிடம் நயினாரே போய்ச் சொன்னார். அந்த மனிதர் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசி நேரத்தில் கூட இருந்தது நீங்கள்தானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் கும்பிட்டார். நயினாருக்கு அந்தக் கும்பிடை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

விஷயம் பத்திரிகையில் வந்தது, அவர் பெயரோடு. விசாரணை வைத்தார்கள். அது முடியும்வரை வேலை கிடையாது என்றார்கள். ஆனால் வார்டுக்கு ஆள் வேண்டியிருந்ததால் அங்கிருந்து மட்டும் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. நோயாளிகளின் உறவினர்கள் சிலர் அவர் யார் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் அவர் கையால் மருந்து வாங்க மாட்டேன் என்றாள். அவர் மருந்தை மேசையில் வைத்துவிட்டு வேறு ஆளை அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒருநாள் காலை, ஊரில் பேர்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் வார்டு வாசலில் வந்து நின்றார். நயினாரின் முறையைப் பின்னால் எடுத்துச் செய்த தனியார் கூடம் ஒன்றில் சோதித்து, கசியும் என்று முடிவு வாங்கி வைத்திருந்தவர். அந்தச் சோதனையில் ஏதோ பிசகு நடந்திருக்கும் போலிருக்கிறது, நான் உள்ளே வரலாம் என்று தோன்றுகிறது என்றார். அடுத்தடுத்து மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர், தனியார் ஆஸ்பத்திரி நடத்தும் கணவன் மனைவி இருவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் அதே வாக்கியத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் சொன்னார்கள். வார இறுதியில், தமக்கும் கசிவுதான் என்று ஆறுதல் சொல்லியிருந்த டாக்டர் வசுமதி வந்தார். அவர் அந்த வாக்கியத்தைக்கூடச் சொல்லவில்லை. நயினாரும் கேட்கவில்லை. கவுன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டினார். முதுகுப்பக்க நாடாவைக் கட்ட அவருக்கு எட்டாததால் நயினாரே கட்டிவிட்டார்.

சிவகாமி அவரோடு நோயாளிகளைப் பற்றி மட்டும் பேசினாள். யாருக்கு எத்தனை டிகிரி, யாருக்குச் சிறுநீர் இறங்கவில்லை, எந்தக் கட்டில் காலியாகிறது. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை, அவரிடம் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. காய்ச்சல் தணியத் தொடங்கி, கட்டில்கள் காலியாக ஆரம்பித்த ஒரு சாயங்காலம், வார்டின் பின்பக்கப் படியில் இருவரும் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். அவளாகவே பேசினாள்.

“எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தேன்லா, அப்ப வீட்டுல நீங்க என்ன நெனச்சிக்கிட்டு இருந்தீங்க?”

நயினார் யோசித்தார். இனி ஒரு பொய்யும் சொல்லக் கூடாது என்றிருந்தார்.

“கவலையாத்தான் இருந்துது. ஆனா பெருசா பயப்படல. உன் குழாய் தாங்கிருக்குல்லா, பொழச்சிருவன்னு தெரியும்.”

“என் குழாய மட்டும் நம்பினீங்க.”

“நம்பினேன்.”

சிவகாமி தலையை ஆட்டிக்கொண்டாள். தம்ளரில் மீதமிருந்த டீயை மெதுவாகக் குடித்து முடித்தாள். உள்ளே யாரோ தண்ணீர் கேட்டார்கள். இருவரும் எழுந்தார்கள். அவள் முந்திக்கொண்டு போனாள்.